லினக்ஸுக்கு ஏற்ற லேப்டாப்பைத் தேர்ந்தெடுப்பது எப்படி? தேடுவதிலிருந்து கடையில் சோதிப்பது வரை

லேப்டாப் வாங்கப் போனால் கடைக்காரர் எடுத்தவுடன் சொல்வது பிராசசர், ரேம், எஸ்எஸ்டி, திரை அளவு. லினக்ஸ் போட நினைப்பவருக்கு இந்த நான்கிலும் பெரிதாகக் கவலைப்பட ஒன்றுமில்லை. கடந்த பத்துப் பன்னிரண்டு வருடங்களில் வந்த இன்டெல், ஏஎம்டி பிராசசர் எதுவானாலும் லினக்ஸ் ஓடும். ரேமும் எஸ்எஸ்டியும் எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும் சரி. தகராறு வருவது வைஃபை கார்டு, ஒலிச் சில்லு, வெப்கேம், கைரேகை சென்சார் போன்றவற்றில். மூடியை மூடினால் ஒழுங்காகத் தூங்கித் திரும்ப எழுகிறதா என்பதும் அதே பட்டியலில் சேரும். விளம்பர அட்டையில் இவற்றைப் பற்றி ஒன்றும் இருக்காது. 'வைஃபை 6 உண்டு' என்று போட்டிருப்பார்கள். அது யாருடைய சில்லு என்று போட மாட்டார்கள்.

நமக்கு வேண்டியது அந்த விவரம்தான். அதை வாங்குவதற்கு முன்பே எங்கே தேடுவது, கடையில் நின்றபடி எப்படிச் சோதிப்பது, எதைக் கண்டால் வேண்டாம் என்று வைத்துவிட்டு வருவது என வரிசையாகச் சொல்கிறேன். உபுண்டு, மின்ட், ஃபெடோரா, டெபியன் போன்ற லினக்ஸ் வழங்கல்களை (லினக்ஸை நிறுவத் தயாராகத் தொகுத்துத் தரும் பதிப்புகள்) மனதில் வைத்தே எழுதுகிறேன். பிஎஸ்டி (லினக்ஸைப் போன்ற வேறொரு கட்டற்ற இயங்குதளக் குடும்பம்) பக்கம் போக நினைப்பவர்களுக்கும் ஒரு பகுதி உண்டு.

முதல் படி: என்ன வேலைக்கு, எந்த வழங்கல்

எழுத்து, இணையம், படிப்பு, நிரல் எழுதுவது, அலுவலக வேலை என்றால் தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டவே வேண்டாம். பிராசசரோடு சேர்ந்தே வரும் இன்டெல், ஏஎம்டி கிராபிக்ஸ் போதும். அவற்றுக்கான டிரைவர் (சில்லை இயக்கும் நிரல்) திறமூலமாக, கெர்னல் என்ற லினக்ஸின் மையப்பகுதியிலேயே இருக்கிறது. நிறுவிய நிமிடமே வேலை செய்யும். பெரிய கேம் ஆடுபவரும், செயற்கை நுண்ணறிவு மாடல்களை என்விடியாவின் கூடா (கிராபிக்ஸ் கார்டில் கணக்குகளை ஓட்டும் மென்பொருள்) வழியாக ஓட்ட வேண்டியவரும் மட்டும் என்விடியா பக்கம் போகலாம்.

அடுத்து வழங்கல். விண்டோஸில் டிரைவரைத் தனியாக இறக்கிப் போடுவது வழக்கம். லினக்ஸில் பெரும்பாலான டிரைவர்கள் கெர்னலோடு சேர்ந்தே வருகின்றன. அதனால் எதையும் தேடி அலைய வேண்டியதில்லை. ஆனால் உங்கள் லேப்டாப்பில் உள்ள சில்லு அந்தக் கெர்னலுக்குப் பின் பிறந்ததாக இருந்தால், கெர்னலுக்கு அதை அடையாளமே தெரியாது. டெபியன் 12 வெளியானது 2023 ஜூனில். அதன் கெர்னல் 6.1. 2024-இல் சந்தைக்கு வந்த ஒரு லேப்டாப்பில் அதைப் போட்டு வைஃபை கிடைக்கவில்லை என்றால் லேப்டாப்பைக் குறை சொல்வது நியாயமில்லை. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் கெர்னல் 6.12. ஃபெடோரா புதிய கெர்னல்களை உடனுக்குடன் தந்துவிடுகிறது. உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்புகளுக்கும் இடையிடையே புதிய கெர்னல் வரும்.

என் கணக்கு இதுதான்: சந்தைக்கு வந்து ஒரு வருடமாவது ஆன மாடலை வாங்குங்கள். போன மாதம் வந்த மாடல்தான் வேண்டும் என்றால் ஃபெடோராவைப் போடுங்கள், அல்லது சில மாதங்கள் சின்னச் சின்னக் குறைகளோடு இருக்கத் தயாராக இருங்கள்.

இரண்டாம் படி: எந்தச் சில்லு என்று பார்ப்பது

வைஃபையில் தொடங்குகிறேன். அது இல்லாவிட்டால் மற்றக் கோளாறுகளைச் சரிசெய்யக்கூட இணையம் கிடைக்காது. (அப்படி மாட்டிக்கொண்டால் ஆண்ட்ராய்டு போனைக் கேபிளில் செருகி யுஎஸ்பி டெதரிங்கைப் போடுங்கள். லினக்ஸ் அதை உடனே எடுத்துக்கொள்ளும்.)

இன்டெல் வைஃபை இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். 8265, 9260, ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்210, ஏஎக்ஸ்211 என்று பெயர்கள் இருக்கும். எல்லாவற்றுக்கும் டிரைவர் கெர்னலில் உண்டு. அதோடு சேர வேண்டிய ஃபர்ம்வேர் (சில்லுக்குள் ஓடும் நிரல்) கோப்பை முன்பெல்லாம் டெபியனில் தனியாகத் தேடிப் போட வேண்டியிருந்தது. டெபியன் 12 முதல் நிறுவும் கோப்பிலேயே அது வந்துவிடுகிறது.

மீடியாடெக்கில் கவனம் தேவை. எம்டி7921, எம்டி7922 ஆகிய சில்லுகள் புதிய கெர்னல்களில் நன்றாகவே ஓடுகின்றன. ஏஎம்டி லேப்டாப்களில் ஆர்இசட்608, ஆர்இசட்616 என்ற பெயரில் வருபவையும் இந்தக் குடும்பம்தான். ஆனால் எம்டி7902 என்று ஒன்று இருக்கிறது. விலை குறைந்த லேப்டாப்களில் அதைக் காணலாம். பல ஆண்டுகள் அதற்கு லினக்ஸ் டிரைவரே இல்லாமல் இருந்தது. ஓர் எண் மாறினால் கதையே மாறிவிடும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

ரியல்டெக்கும் அப்படித்தான், மாடலுக்கு மாடல் வேறுபடும். ஆர்டிஎல்8821சிஇ என்ற சில்லு விலை குறைந்த லேப்டாப்களில் நிறைய வந்தது. 2020 அக்டோபரில் வந்த 5.9 கெர்னலுக்கு முன்பு அதற்கான டிரைவரை யாராவது எழுதி வைத்த மூலநிரலிலிருந்து நாமே கம்பைல் செய்ய (இயங்கும் நிரலாக மாற்ற) வேண்டியிருந்தது. ஒவ்வொரு கெர்னல் புதுப்பிப்புக்கும் அது உடையும், திரும்பக் கம்பைல் செய்ய வேண்டும். இன்று நிலைமை எவ்வளவோ பரவாயில்லை. இருந்தாலும் இரண்டு லேப்டாப் ஒரே விலையில் இருந்து, ஒன்றில் இன்டெல், ஒன்றில் ரியல்டெக் என்றால் யோசிக்காமல் இன்டெலை எடுங்கள். பிராட்காம் சில்லு இருந்தால் தவிர்ப்பதே நல்லது. பழைய ஆப்பிள் மேக்புக்குகளில் அதுதான் இருக்கும்.

வைஃபை சரியில்லை என்ற ஒரே காரணத்துக்காக நல்ல லேப்டாப்பை விட வேண்டுமா? கார்டு தனியாக எம்.2 சாக்கெட்டில் செருகப்பட்டிருந்தால் வேண்டாம். ஏஎக்ஸ்210 கார்டை வாங்கி, பின்மூடியைத் திறந்து, இரண்டு ஆன்டெனா வயர்களை மாற்றிச் செருகினால் வேலை முடிந்தது. இரண்டு விஷயங்களை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 ஆகியவை குறிப்பிட்ட இன்டெல் பிராசசர்களோடு மட்டுமே இயங்கும் வகை. ஏஎம்டி லேப்டாப்பில் அவை உயிர் பெறாது. ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 எங்கும் போகும். மெல்லிய லேப்டாப் சிலவற்றில் வைஃபை சில்லு மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அங்கே மாற்ற வழியே இல்லை. திங்க்பேட் எக்ஸ்230, டி430 காலத்து பழைய மாடல்களில் பயாஸ் (லேப்டாப்பை முதலில் துவக்கும் உள்நிரல்) தனக்குத் தெரிந்த கார்டுகளை மட்டுமே ஏற்கும், வேறு கார்டைச் செருகினால் துவங்கவே துவங்காது.

இரண்டாவது தூக்கம். மூடியை மூடி, பையில் போட்டு, பேருந்தில் ஒரு மணி நேரம் போய் இறங்கித் திறந்தால் லேப்டாப் சுடச்சுட இருந்து, பேட்டரி பாதி போயிருந்தால் அந்த லேப்டாப்பால் என்ன பயன்? பழைய லேப்டாப்களில் எஸ்3 என்ற தூக்கம் இருந்தது. ரேமுக்கு மட்டும் மின்சாரம் போகும், மற்றதெல்லாம் அணைந்துவிடும். விண்டோஸின் 'மாடர்ன் ஸ்டாண்ட்பை' வந்த பிறகு நிறுவனங்கள் எஸ்3-ஐ ஒவ்வொன்றாகக் கைவிட்டன. இன்டெல் பதினோராம் தலைமுறையிலிருந்து வந்த பெரும்பாலான லேப்டாப்களில் அது இல்லை. அதற்குப் பதில் எஸ்2ஐடில் என்ற அரைத்தூக்கம். அதுவும் ஒழுங்காகவே வேலை செய்யும், ஆனால் எல்லாச் சில்லுகளும் ஒத்துழைக்க வேண்டும். ஏதாவது ஒன்று விழித்துக்கொண்டிருந்தால் போதும், பேட்டரி கரைந்துவிடும். திங்க்பேட் மாடல்கள் சிலவற்றின் பயாஸில் தூக்க நிலையை 'லினக்ஸ்' என்று மாற்றும் வசதியே உண்டு. அதைப் போட்டால் எஸ்3 திரும்பக் கிடைக்கும்.

மூன்றாவது கேமராவும் ஒலியும். யுஎஸ்பி வழியாக இணைந்த சாதாரண வெப்கேம் பெரும்பாலும் பிரச்சினை தராது. இன்டெல் பதினோராம், பன்னிரண்டாம் தலைமுறைகளிலிருந்து வந்த விலை உயர்ந்த மெல்லிய லேப்டாப்கள் சிலவற்றில் ஐபியு6 என்ற வேறு வகைக் கேமரா இணைப்பு வந்தது. அது லினக்ஸில் நீண்ட காலம் தலைவலியாக இருந்தது. விலை அதிகம் கொடுத்தவருக்கே கேமரா வேலை செய்யாமல் போன விசித்திரம் இது. வீடியோ அழைப்பு உங்கள் அன்றாட வேலை என்றால், 'ஐபியு6', 'எம்ஐபிஐ கேமரா' என்ற சொற்கள் அந்த மாடலோடு சேர்ந்து வருகின்றனவா என்று தேடிப் பாருங்கள். ஒலியில், ஸ்பீக்கருக்கென்று தனி ஆம்ப்ளிஃபையர் சில்லு வைத்த சில மாடல்களில் ஹெட்போனில் சத்தம் வரும், ஸ்பீக்கரில் வராது. சிரஸ் லாஜிக்கின் சிஎஸ்35எல்41 அதில் பெயர்போனது. இப்போது டிரைவர் இருக்கிறது, ஆனாலும் மாடலுக்கு மாடல் தனியாகச் சேர்க்க வேண்டியிருப்பதால் உங்கள் மாடல் விடுபட்டிருக்கலாம்.

கைரேகை சென்சார் வேலை செய்தால் லாபம், செய்யாவிட்டால் நஷ்டமில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதற்காக ஒரு நல்ல லேப்டாப்பைத் தள்ள வேண்டாம்.

என்விடியா: நிறுவனத்தின் சொந்த டிரைவரைப் போட்டால் வேகமாக ஓடும். 2022 மே மாதத்தில் என்விடியா தன் கெர்னல் பகுதியைத் திறமூலமாக வெளியிட்டது. டூரிங் என்ற கார்டுத் தலைமுறையும் அதற்குப் பிந்தையவையும் மட்டும் அதில் சேரும். மேக்ஸ்வெல், பாஸ்கல் போன்ற முந்தைய கார்டுகளுக்கு 580 வரிசை டிரைவரோடு புதிய பதிப்புகள் நின்றுவிட்டன. ஆகவே பழைய லேப்டாப்பில் என்விடியா எம்எக்ஸ்150 இருப்பதைக் கூடுதல் தகுதியாகச் சொல்லி விற்றால், லினக்ஸ்காரருக்கு அது கூடுதல் சுமை. கேமிங் லேப்டாப் பலவற்றில் எச்டிஎம்ஐ துளை என்விடியா கார்டோடு இணைந்திருக்கும். டிரைவர் சரியாக இல்லாவிட்டால் வெளித்திரை எரியாது.

மூன்றாம் படி: வீட்டில் இருந்தபடியே தேடுவது

முதலில் நிறுவனத்தின் விவரத்தாள். லெனோவோவுக்கு 'பிஎஸ்ரெஃப்' என்ற தளம் இருக்கிறது. ஒரு மாடலுக்கு எந்தெந்த வைஃபை சில்லு, எத்தனை ரேம் துளை, எது பற்றவைத்தது என்று எல்லாம் அதில் உண்டு. எச்பி தன் அலுவலக வரிசைகளுக்கு 'குவிக்ஸ்பெக்ஸ்' வெளியிடுகிறது. டெல் தன் கையேடுகளில் வயர்லெஸ் கார்டின் பெயரைத் தருகிறது. இவற்றைப் பார்த்தால் ஓர் உண்மை புரியும்: ஒரே மாடல் பெயரில் இன்டெல் வைஃபையோடும் ரியல்டெக் வைஃபையோடும் லேப்டாப்கள் விற்கப்படுகின்றன. 'என்னிடம் அதே மாடல்தான், எல்லாம் ஓடுகிறது' என்று ஒருவர் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. உங்களுக்குக் கிடைக்கப்போவது வேறு சில்லாக இருக்கலாம், அவ்வளவுதான். அதனால் மாடல் பெயரோடு நிற்காமல் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் முழு எண்ணையும் போட்டுத் தேடுங்கள்.

அப்புறம் உபுண்டுவை வெளியிடும் கெனோனிக்கல் நிறுவனம் நடத்தும் உபுண்டு சான்றிதழ்ப் பட்டியல். டெல், எச்பி, லெனோவோ ஆகியவற்றின் அலுவலக வரிசைகள் அதில் நிறைய உண்டு. சில மாடல்களுக்கு, நிறுவனமே உபுண்டுவை ஏற்றி அனுப்பும் பதிப்புக்குத்தான் சான்றிதழ் என்று சின்னக் குறிப்பு இருக்கும். அதையும் படியுங்கள். ஆர்ச் லினக்ஸின் விக்கியில் லேப்டாப் மாடல்களுக்கெனத் தனிப் பக்கங்கள் உள்ளன. எது ஓடுகிறது, எது ஓடவில்லை என்று அட்டவணை போட்டிருப்பார்கள். நீங்கள் ஆர்ச் பயன்படுத்தாவிட்டாலும் அது பயன்படும். 'லினக்ஸ் ஹார்ட்வேர்' தளத்தில் பயனர்கள் தங்கள் கணினியின் முழுப் பட்டியலை ஏற்றி வைத்திருக்கிறார்கள். மாடலைப் போட்டால் எந்தச் சில்லுகளோடு எத்தனை பேரிடம் இருக்கிறது என்று காட்டும்.

ஆட்களையும் கேளுங்கள். சென்னையில் லினக்ஸ் பயனர் குழு, தமிழ்நாடு கட்டற்ற மென்பொருள் அமைப்பு, விழுப்புரத்தில் விஜிளக், தமிழில் எழுதும் கணியம் என்று பல குழுக்கள் இயங்குகின்றன. 'இந்த மாடலில் மூடியை மூடினால் தூங்குகிறதா?' என்ற கேள்விக்கு எந்த விவரத்தாளிலும் பதில் கிடையாது. அதை வைத்திருப்பவர் ஒரு வரியில் சொல்லிவிடுவார்.

நான்காம் படி: புதியதா, கைமாறியதா

லினக்ஸோடே பிறந்த, அல்லது லினக்ஸை நன்றாக ஆதரிக்கும் லேப்டாப்களும் இருக்கின்றன. அமெரிக்காவின் டென்வரில் சிஸ்டம்76, ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க்கில் டக்சிடோ, பழுதுபார்க்க எளிதாக வடிவமைத்து 2021 முதல் விற்கும் ஃபிரேம்வொர்க் என்று நல்ல நிறுவனங்கள். டெல் 2012 முதல் எக்ஸ்பிஎஸ் 13-ஐ உபுண்டுவோடும், லெனோவோ 2020 முதல் திங்க்பேட் சிலவற்றை ஃபெடோராவோடும் விற்றன. ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ இருப்பவர் இந்த வழியில் போனால் இந்தக் கட்டுரையின் பாதிக்கு அவசியமே இல்லை. இந்தியாவில் இருந்துகொண்டு வெளியிலிருந்து வரவழைப்பதாக இருந்தால் சுங்க வரி, வாரண்டிக்குத் திருப்பி அனுப்பும் செலவு இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

நம் ஊரில் புதிதாக வாங்குபவர் அலுவலக வரிசைகளைப் பார்க்கட்டும். திங்க்பேட், லேட்டிட்யூட் (2025 முதல் டெல் புரோ என்ற பெயரில்), எலைட்புக், புரோபுக் ஆகியவை அவை. விண்டோஸ் இல்லாமல் 'டாஸ் லேப்டாப்' என்றோ உபுண்டுவோடோ விற்கும் பதிப்பு கிடைத்தால் விண்டோஸ் உரிமத்தின் காசு மிச்சம். ஆனால் 'டாஸ்' என்று விற்பதால் லினக்ஸுக்கு ஏற்றது என்று பொருளில்லை, உள்ளே அதே சில்லுகள்தான்.

கைமாறிய லேப்டாப்தான் என் முதல் பரிந்துரை, அதுவும் மாணவர்களுக்கு. பெரிய அலுவலகங்கள் சில வருடங்களுக்கு ஒருமுறை லேப்டாப்களை மொத்தமாகக் கழித்துவிடும். அவை சென்னையின் ரிச்சி தெரு போன்ற இடங்களுக்கும் ரீஃபர்பிஷ் செய்து விற்கும் கடைகளுக்கும் வந்து சேரும். விண்டோஸ் 11-க்கு இன்டெல் எட்டாம் தலைமுறையாவது வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் வரையறுத்தது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. ஆறாம், ஏழாம் தலைமுறை லேப்டாப்கள் விண்டோஸ்காரர்களுக்கு வேண்டாதவை ஆனதால் விலை பேச நல்ல இடம் இருக்கிறது. லினக்ஸ் அவற்றில் சுகமாக ஓடும். இருந்தாலும் கொஞ்சம் கூட்டிக் கொடுத்து எட்டாம் தலைமுறைக்குப் போக முடிந்தால் போங்கள். ஏழாம் தலைமுறையின் ஐ5-7200யு-வில் இரண்டு கோர், எட்டாம் தலைமுறையின் ஐ5-8250யு-வில் நான்கு கோர். ஒரே தலைமுறையில் அவ்வளவு பெரிய தாவல் அபூர்வம்.

உதாரணத்துக்கு 2018-இல் வந்த திங்க்பேட் டி480-ஐ எடுத்துக்கொள்வோம். ரேமுக்கு இரண்டு துளைகள், இரண்டையும் மாற்றலாம். உள்ளே ஒரு பேட்டரி, வெளியே கழற்றக்கூடிய இன்னொன்று. லேப்டாப்பை அணைக்காமலே வெளிப்பேட்டரியை மாற்றலாம். வைஃபை இன்டெல், அதுவும் தனிக் கார்டு. எஸ்3 தூக்கம் உண்டு. கைரேகை சென்சாருக்கு மட்டும் பொதுவான டிரைவர் தொகுப்பில் ஆதரவில்லை, தனியாக ஒரு நிரலைப் போட வேண்டும். பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தக் காலத்துத் திங்க்பேட் மாடல்களின் தண்டர்போல்ட் ஃபர்ம்வேரில் ஒரு பிழை இருந்தது. அதைப் புதுப்பிக்காமல் ஓட்டினால் நாளடைவில் யுஎஸ்பி-சி துளை பழுதாகும், சார்ஜும் அதே துளையில்தான். ஆகவே வாங்கும் முன் இரண்டு யுஎஸ்பி-சி துளைகளிலும் சார்ஜரைச் செருகிப் பாருங்கள். இதற்கு இணையாக டெல் லேட்டிட்யூட் 7490, எச்பி எலைட்புக் 840 ஜி5 ஆகியவையும் நல்லவை. டி480எஸ்-இல் ஒரு ரேம் பற்றவைத்தது, ஒரு துளை மட்டும். எக்ஸ்1 கார்பனில் முழுவதும் பற்றவைத்தது. வாங்கும்போது இருக்கும் ரேம்தான் கடைசி வரை.

ஐந்தாம் படி: பென் டிரைவோடு கடைக்குப் போவது

இதுவே முக்கியமான படி. 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் உபுண்டு அல்லது ஃபெடோராவின் புதிய பதிப்பை எழுதிக்கொள்ளுங்கள். விண்டோஸில் ரூஃபஸ், எங்கும் பலேனா எட்சர் போதும். கூடவே ஒரு ஹெட்போன், முடிந்தால் எச்டிஎம்ஐ கேபிள்.

கடைக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: "அண்ணே, இது லைவ் பென் டிரைவ். உள்ளே இருக்கிற விண்டோஸைத் தொடாது. கொஞ்ச நேரம் ஓட்டிப் பார்த்துட்டுத் தர்றேன்." இது உண்மையும்கூட. 'முயன்று பார்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் இயங்குதளம் முழுவதும் ரேமிலும் பென் டிரைவிலுமே ஓடும். கைமாறிய லேப்டாப் விற்பவர்களில் பெரும்பாலோர் சம்மதிப்பார்கள். சம்மதிக்காதவரிடம் வாங்காதீர்கள்.

பென் டிரைவிலிருந்து துவக்க லெனோவோவிலும் டெல்லிலும் எஃப்12, எச்பியில் எஸ்கேப் அழுத்தி எஃப்9. அதற்கு முன் ஒரு தடவை பயாஸுக்குள் போய்ப் பாருங்கள். பயாஸ் பாஸ்வேர்டு கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். திங்க்பேட்டின் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு மதர்போர்டில் ஒரு சில்லில் பதிந்திருக்கும், பேட்டரியைக் கழற்றினால் போகாது. 'கம்ப்யூட்ரேஸ்' அல்லது 'அப்சொல்யூட்' என்ற திருட்டுத் தடுப்பு வசதி இயக்கத்தில் இருந்தாலும் வேண்டாம். பழைய அலுவலகத்தின் பிடி அந்த லேப்டாப்பை விட்டு இன்னும் போகவில்லை என்று பொருள்.

செக்யூர் பூட் (சான்றுள்ள இயங்குதளத்தை மட்டும் துவக்க விடும் காவல்) இருந்தால் பயப்பட வேண்டாம். உபுண்டு, ஃபெடோரா, டெபியன் எல்லாமே அதோடு துவங்கும். 2022-இல் வந்த திங்க்பேட் இசட்13 போன்ற சிலவற்றில் மட்டும், மைக்ரோசாஃப்டின் மூன்றாம் தரப்புச் சான்றை அனுமதிக்கும் தேர்வு பயாஸில் அணைந்தே வரும். அதை ஆன் செய்தால் பென் டிரைவ் துவங்கிவிடும்.

திரை வந்ததும் வைஃபை பட்டியல் தெரிகிறதா என்று பாருங்கள். உங்கள் போனின் ஹாட்ஸ்பாட்டில் சேர்ந்து ஒரு வீடியோவை ஓட்டுங்கள், ஸ்பீக்கரில் ஒரு தடவை, ஹெட்போனில் ஒரு தடவை. ப்ளூடூத்தில் போனைத் தேடச் சொல்லுங்கள். கேமரா செயலியைத் திறந்து முகம் தெரிகிறதா, மைக்கில் பேசினால் அளவுகோல் ஆடுகிறதா. திரை வெளிச்சம், ஒலி ஆகியவற்றின் விசைகளை ஒவ்வொன்றாக அழுத்துங்கள். டச்பேடில் இரண்டு விரலால் நகர்த்துங்கள். விசைப்பலகையின் எல்லா எழுத்துகளையும் ஒரு உரைப் பெட்டியில் தட்டிப் பாருங்கள். கைமாறிய லேப்டாப்பில் ஓரத்து விசைகள்தான் முதலில் போகும்.

பிறகு மூடியை மூடுங்கள். உடனே திறக்காதீர்கள். ஐந்து பத்து நிமிடம் விட்டுவிட்டு, அதற்குள் விலை பேசுங்கள். விசிறி நின்றதா என்று காது கொடுங்கள், அடிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். திறந்ததும் திரை வர வேண்டும், வைஃபை தானாகத் திரும்பச் சேர வேண்டும், டச்பேட் நகர வேண்டும். இரண்டு முறை செய்யுங்கள். முதல் முறை எழுந்து இரண்டாம் முறை எழாத லேப்டாப்கள் உண்டு.

கடைசியாக டெர்மினலை (கட்டளை தட்டும் சன்னல்) திறந்து 'எல்எஸ்பிசிஐ' என்ற கட்டளையை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டினால் உள்ளே இருக்கும் சில்லுகள் பெயரோடு வரிசையாக வரும். 'எல்எஸ்யுஎஸ்பி' என்று தட்டினால் கேமரா, ப்ளூடூத், கைரேகை சென்சார். இரண்டையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எண்களோடு பார்த்தால் 8086 என்று தொடங்குபவை இன்டெலுடையவை. 8086:2723 என்றால் ஏஎக்ஸ்200.

பேட்டரிக்கு மின்சக்திப் புள்ளிவிவரச் செயலியோ 'யுபவர்' கட்டளையோ போதும். இரண்டு எண்களைத் தேடுங்கள்: வடிவமைப்பின்படி எவ்வளவு, இப்போது நிறைந்தால் எவ்வளவு. 48 வாட்-மணி என்று வடிவமைத்தது 31-இல் நிற்கிறது என்றால் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. விலையில் பேட்டரி காசைக் கழிக்கச் சொல்லிக் கேட்க அந்த எண்ணே சாட்சி.

பெட்டி உடைக்காத புது லேப்டாப்பில் இதையெல்லாம் செய்ய விட மாட்டார்கள். காட்சிக்கு வைத்த ஒன்றில் செய்து பார்க்கக் கேளுங்கள். இணையத்தில் வாங்கினால் திருப்பித் தரும் விதிகளைப் படியுங்கள். லினக்ஸில் வைஃபை ஓடவில்லை என்பதைப் பெரும்பாலும் குறையாக ஏற்க மாட்டார்கள்.

எதற்கு அருகில் போக வேண்டாம்

32 அல்லது 64 ஜிபி இஎம்எம்சி சேமிப்போடு (எஸ்எஸ்டிக்குப் பதில் வைக்கும் மெதுவான சில்லு) வரும் மலிவு லேப்டாப். ஸ்னாப்டிராகன் எக்ஸ் பிராசசர் உள்ளவை. லினக்ஸ் அங்கே இன்னும் முதிரவில்லை. 2018 முதல் 2020 வரை வந்த, ஆப்பிளின் டி2 பாதுகாப்புச் சில்லுள்ள இன்டெல் மேக்புக்குகள். தனிக் கெர்னல் இல்லாமல் விசைப்பலகைகூட ஓடாது. எம்1, எம்2 மேக்புக் ஏற்கெனவே கையில் இருந்தால் அந்தச் சில்லுகளுக்கென்றே உருவாக்கும் அசாஹி லினக்ஸைப் போட்டுப் பாருங்கள், மிகச் சிறந்த உழைப்பு அது. ஆனால் எம்3-ஐயும் அதற்குப் பிந்தையவற்றையும் லினக்ஸுக்காக என்று வாங்க வேண்டாம். குரோம்புக், எழுது-தடுப்பு (பயாஸை மாற்ற விடாத பூட்டு) நீக்கும் வேலை தெரிந்தவர்களுக்கு மட்டும்.

பிஎஸ்டி, முழுக் கட்டற்ற வழி

ஓப்பன்பிஎஸ்டி போடுவதானால் திங்க்பேட்டை விட நல்ல தேர்வு இல்லை. அதை எழுதுபவர்களில் பலர் திங்க்பேட்டில்தான் வேலை செய்கிறார்கள். இன்டெல் வைஃபை ஓடும். ப்ளூடூத் கிடையாது, 2014-இல் அதை நீக்கிவிட்டார்கள். என்விடியாவுக்கு டிரைவர் இல்லை. ஃப்ரீபிஎஸ்டியில் என்விடியாவின் சொந்த டிரைவர் உண்டு. இன்டெல், ஏஎம்டி கிராபிக்ஸ் டிரைவர்கள் லினக்ஸிலிருந்து கொண்டுவரப்படுவதால் எப்போதும் சில பதிப்புகள் பின்தங்கியே இருக்கும். இரண்டுக்குமே மூன்று முதல் ஐந்து வருடப் பழைய இன்டெல் லேப்டாப் பொருத்தம்.

மூடிய (மூலநிரல் வெளியிடப்படாத) ஃபர்ம்வேர் ஒரு துளிகூட வேண்டாம் என்பவர் ட்ரிஸ்குவெல் போன்ற வழங்கலுக்குப் போவார். அங்கே இன்டெல் வைஃபை ஓடாது, ஏனென்றால் அதற்கு மூடிய ஃபர்ம்வேர் தேவை. ஃபர்ம்வேர் கேட்காத பழைய அத்தெரோஸ் கார்டைத் தேடிப் போட வேண்டும். பயாஸுக்குப் பதிலான கட்டற்ற லிப்ரேபூட் ஏற்றிய திங்க்பேட் எக்ஸ்200 அந்த வழியில் பெயர் பெற்றது. வேகம் குறைவு, ஆனால் பயாஸ் வரை தன் கையில் இருக்க வேண்டும் என்பவருக்கு அதன் மதிப்பு தெரியும்.

வாங்கி வந்த பிறகு

விண்டோஸை வைத்துக்கொண்டு பக்கத்தில் லினக்ஸ் போடுவதானால் பிட்லாக்கர் (வட்டைப் பூட்டும் விண்டோஸ் வசதி) மீட்புச் சாவியை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பயாஸில் ஒரு அமைப்பை மாற்றினாலே விண்டோஸ் அதைக் கேட்கும். நிறுவும்போது எஸ்எஸ்டியே தெரியவில்லை என்றால் பயாஸில் சேமிப்பு 'ரெய்டு' அல்லது 'ஆர்எஸ்டி' என்று இருக்கும், அதை ஏஎச்சிஐ என்று மாற்ற வேண்டும். விண்டோஸ் இருக்கும் லேப்டாப்பில் முன்னேற்பாடு இல்லாமல் மாற்றினால் விண்டோஸ் துவங்காது. லினக்ஸ் மட்டும் போதும் என்பவர் தயங்காமல் மாற்றலாம்.

நிறுவியதும் ஃபர்ம்வேர் புதுப்பிப்பைப் பாருங்கள். 'எஃப்டபிள்யூஅப்டி' என்ற சேவை உபுண்டுவிலும் ஃபெடோராவிலும் கூடவே வருகிறது. டெல், லெனோவோ, எச்பி ஆகியவற்றின் அலுவலக வரிசைகளுக்கும் ஃபிரேம்வொர்க்குக்கும் பயாஸ் புதுப்பிப்பு அதன் வழியாகவே வரும், விண்டோஸ் தேவைப்படாது. தூக்கக் கோளாறுகள் சில இதிலேயே தீர்ந்துவிடும். திங்க்பேட் என்றால் டிஎல்பி நிரலைப் போட்டு, சார்ஜ் 80 சதவீதத்தில் நிற்கும்படி வையுங்கள். எப்போதும் செருகியே வைத்திருப்பவர்களுக்குப் பேட்டரி நீண்ட நாள் வரும். தமிழில் தட்டச்ச ஐபஸ் எம்17என் தொகுப்பைப் போட்டால் தமிழ்99 உட்படப் பல விசைப்பலகைகள் கிடைக்கும்.

எல்லாம் ஓட ஆரம்பித்ததும் 'எச்டபிள்யூ புரோப்' என்ற கருவியை ஓட்டி உங்கள் லேப்டாப்பின் சில்லுப் பட்டியலை லினக்ஸ் ஹார்ட்வேர் தளத்தில் ஏற்றிவிடுங்கள். எது ஓடவில்லை என்பதையும் அந்தப் பக்கத்திலேயே குறிக்கலாம். அதே மாடலைத் தேடி வரும் அடுத்தவருக்கு அந்தக் குறிப்பு இருக்கும்.